கேட்காமல் இழுத்த கயிறு

1

பத்து மணி நாற்பது நிமிஷம். போன வருஷம் மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை.

நேரத்தை நான் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. கடலுக்குள் ஆள் இறங்கும் படகில், காற்றுப் பம்புக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டு தொங்கும். இறங்கிய நேரம், ஏறிய நேரம் இரண்டையும் அதில் எழுத வேண்டும் என்பது சட்டம். அன்றைய சிலேட்டை நான் என் கண்ணால் பார்த்தேன். இறங்கியது எட்டு ஐம்பது. ஏறியது பத்து நாற்பது. ஏறியதாம்! இழுத்துப் போட்டது என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்?

இழுபட்டவன் என் மகன் நடராஜன். இழுத்தவன் என் கூடப்பிறந்த தம்பி ஏகாம்பரம்.

இந்தப் பத்திரிகையில் நான் எழுதும் இலங்கைக் குறிப்புகளை நம் பக்கத்தில் சிலர் விடாமல் படிப்பதாகக் கடிதம் வருகிறது. பூந்தமல்லி பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த ஒருத்தி, “உன் குறிப்பைப் படித்தால் கப்பல் ஏறி வரலாம் போல இருக்கிறது” என்று எழுதியிருந்தாள். இங்கத்துப் பலாக்காய்க் கறியைப் பற்றியும், தினம் மூன்று முறை பெய்யும் மழையைப் பற்றியும் எழுதினால் அப்படித்தான் இருக்கும். இந்த முறை அதெல்லாம் இல்லை. ஒரு வருஷமாக எழுதாமல் அடக்கி வைத்திருந்ததை எழுதுகிறேன். இந்த வாரம் எழுதாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். ஏனென்றால் நாளை, ஞாயிற்றுக்கிழமை, என் மகன் அதே இடத்தில் மறுபடியும் இறங்கப் போகிறேன் என்கிறான்.

ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அவர் அரசாங்கச் சுங்கத்தில் குமாஸ்தா. இலங்கையின் தெற்குக் கரையில் ஒரு சிறு துறைமுகம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2

நான் பூந்தமல்லிக்குப் பக்கத்துக் காட்டுப்பாக்கத்துப் பெண். கல்யாணமாகி இங்கே வந்து இருபத்து நான்கு வருஷம் ஆகிறது. இங்குள்ள தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினி. நடராஜன் தலைச்சன் பிள்ளை. பிரசவத்துக்கு ஊருக்குப் போய்ப் பெற்று, ஆறு மாதக் குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதோடு அவனுக்கும் காட்டுப்பாக்கத்துக்கும் உள்ள உறவு ஏறக்குறைய முடிந்தது. அவனுக்கு ஐந்து வயதில் ஒரு தரம் ஊருக்கு அழைத்துப் போனபோது, எங்கள் கிணற்றை எட்டிப் பார்க்கச் சொன்னால் என் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அந்தப் பிள்ளைதான் பதினைந்து பாகம் ஆழத்தில் போய் நிற்கிறான். பாகம் என்பது இரண்டு கையையும் விரித்து அளக்கிற அளவு. பதினைந்து ஆள் உயரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அவனுக்குத் துறைமுக அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை. துறைமுக வாய்க்கு வெளியே ஒரு பழைய டச்சுக் கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. இருநூறு வருஷத்துக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். பெரிய கப்பல்கள் திரும்ப அது இடைஞ்சல் என்று வெடி வைத்துத் தகர்க்கத் தீர்மானித்தார்கள். எங்கே எத்தனை வெடி என்று கணக்குப் போட ஒரு படம் வேண்டியிருந்தது. படம் போடுகிறவனே இறங்கிப் பார்த்தால் நல்லது என்று ஒருவர் சொல்ல, இவன் கையைத் தூக்கிவிட்டான்.

முக்குளிப்பவரை இங்கே சுழியோடி என்பார்கள். செம்பில் அண்டா போல ஒரு தலைக்கவசம், அதில் கண்ணாடி ஜன்னல், ரப்பர் சட்டை, காலில் ஈயச் செருப்பு. மேலே படகில் இரண்டு பேர் பம்புச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தால்தான் குழாய் வழியாகக் கீழே மூச்சு. இடுப்பில் ஒரு கயிறு. அவனுக்கும் உலகத்துக்கும் பேச்சுவார்த்தை அந்தக் கயிற்றோடு சரி.

கப்பலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் அவனுக்குச் சோறு இறங்காது. பாசி படிந்த பீரங்கிகளை எண்ணிச் சொல்வான். அடித்தட்டில் பாரத்துக்காக மஞ்சள் செங்கல் அடுக்கியிருக்கிறதாம், அடுக்கு கலையவில்லையாம். ஒரு மரச் சீப்பைப் பார்த்தானாம், எடுக்காமல் வந்துவிட்டானாம். “ஏண்டா எடுக்கலை?” என்று அவன் தங்கை கேட்டாள். “அது அவங்க வீடு” என்றான். செத்துப்போன டச்சுக்காரனுக்கு வீடு உண்டு; இவனுக்குக் காட்டுப்பாக்கத்தில் வீடு எந்தத் தெருவில் என்று தெரியாது. மகள் இன்னும் மோசம். பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்களோடு விளையாடி, கோபம் வந்தால் என்னிடமே சிங்களத்தில்தான் சண்டை போடுகிறாள். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து இதைக் கேட்கிறேன்.

படம் பாதி முடிந்திருந்தபோது அந்தச் சனிக்கிழமை வந்தது. அலுவலகத்து அதிகாரி, ஒரு வெள்ளைக்காரர், இவனைக் கூப்பிட்டுத் திங்கட்கிழமை காலையில் படம் மேஜைமேல் இருக்க வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை படகு எடுக்கலாமா என்று இவன் கேட்டான். “எடுத்துக்கொள்” என்றார். வாயால் சொன்னார். காகிதத்தில் எழுதவில்லை. இவனும் எழுதித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. சுங்கக் குமாஸ்தாவின் மகன் இதைக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை.

3

ஏகாம்பரத்தை இங்கே வரவழைத்தவள் நான்தான். யாரையும் குற்றம் சொல்லுமுன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

மூன்று வருஷம் மழை பொய்த்து, மல்லிகைக் கொல்லை காய்ந்து, பூந்தமல்லிச் சந்தைக்குக் கூடை போகாமல் நின்றபோது, “இங்கே வா, துறைமுகத்தில் கூலி வேலை வாங்கித் தருகிறேன்” என்று எழுதினேன். முப்பத்தெட்டு வயதில், பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தான். வந்த மறுநாளே கடலைப் பார்த்துவிட்டு, “இன்னாக்கா இது, இம்மாந் தண்ணிய வெச்சிகினு ஒரு காணிக்குப் பாய்ச்ச முடியல?” என்றான். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

படகில் கயிறு பிடிக்க அவனைப் போடும்படி நடராஜனே கேட்டுக்கொண்டான். “மாமா கயித்துக்குப் பொறந்தவரு” என்பான். உண்மைதான். எங்கள் பக்கத்தில் பங்குனி பிறந்தால் கிணறுகளில் தூர் வாருவோம். மாடு கட்டிக் கவலை இறைக்கிற ஆழக் கிணறுகள். இறங்குகிறவன் இடுப்பில் கயிறு, மேலே ஒருத்தன் பிடிப்பான். அடிச் சேற்றைக் கலக்கினால் சில கிணற்றில் கெட்ட காற்று கிளம்பும். மணம் கிடையாது, நிறம் கிடையாது. குனிந்தவன் குனிந்தபடியே போய்விடுவான்.

எங்கள் பெரியண்ணன் முருகேசன் அப்படித்தான் போனார். அன்று மேலே கயிறு பிடித்திருந்தவன் ஏகாம்பரம். இருபது வயது. கயிறு ஆடாமல் நின்றதும் “அண்ணா” என்று கூப்பிட்டான். பதில் இல்லை. சேறு அள்ளுகிறார் என்று நினைத்து நின்றான். மறுபடியும் கூப்பிட்டான். மறுபடியும் நின்றான். மூன்றாம் முறை கூப்பிட்டபிறகு இழுத்தான். உடம்பு மட்டும் வந்தது.

அதற்குப்பின் எங்கள் தெருவில் ஒரு வழக்கம் வந்தது. யாரும் கூடிப் பேசி ஏற்படுத்தியதல்ல. இறங்கினவன் கயிற்றை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கயிறு நின்றால் மேலே இருப்பவன் கேட்கக் கூடாது. இழுக்க வேண்டும். நாலு பேர் ஓடிவந்து ஒரே மூச்சில் இழுப்பார்கள். பல தடவை நன்றாக இருந்தவனையே இழுத்துப் போட்டு, முழங்கால் சிராய்த்து, அவன் கண்டபடி திட்டியிருக்கிறான். யாரும் வருத்தப்பட்டதில்லை.

கடலில் இது நேர் எதிர். கீழே ரொம்ப நேரம் இருந்தவனைச் சட்டென்று மேலே கொண்டுவரக் கூடாது. அழுத்தத்தில் உடம்பில் ஊறின காற்று, சோடாப் புட்டியைத் திறந்தமாதிரி இரத்தத்தில் நுரைத்துவிடும். பாதி வழியில் நிறுத்தி, மறுபடி நிறுத்தித்தான் எடுக்க வேண்டும். இதைப் படகுத் தலைவர் மரைக்காயர், கீழக்கரைக்காரர், வயதானவர், ஏகாம்பரத்துக்குப் பத்துத் தடவை சொல்லியிருக்கிறார். அவன் தலையாட்டியிருக்கிறான். தலைக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை.

4

அன்று நடந்ததைப் பிறகு ஒவ்வொருவராகக் கேட்டுச் சேர்த்து எழுதுகிறேன்.

ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மேலிருந்து கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் கீழிருந்து ஒரு சுண்டு வர வேண்டும். பத்தரை வரைக்கும் வந்தது. அதற்கப்புறம் ஏகாம்பரம் சுண்டினான், வரவில்லை. மரைக்காயர் படகின் அந்தக் கோடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். பம்பு சுற்றுகிறவர்களைத் தவிர மற்ற இருவரும் பீடி பற்ற வைத்திருந்தார்கள்.

தண்ணீர்மேல் குமிழி வந்துகொண்டுதான் இருந்தது. குமிழி வந்தால் ஆள் மூச்சு விடுகிறான் என்று அர்த்தமில்லை. பம்பு சுற்றுகிறவரைக்கும் குமிழி வரும். ஆனால் குழாய் அறுபடவில்லை, அவசரமில்லை, இன்னொரு தரம் கேட்கலாம் என்று அர்த்தம். ஏகாம்பரம் கேட்கவில்லை.

“அடப்பாவிங்களா, கவுறு நின்னுபோச்சி! இஸ்துங்கடா! இஸ்து!” என்று அவன் போட்ட கூச்சலில் பீடி குடித்தவர்கள் இரண்டு பேரும் பாய்ந்து கயிற்றைப் பிடித்தார்கள். மரைக்காயர் திரும்பி, “நிறுத்துங்க! நிறுத்துங்க!” என்று கத்திக்கொண்டு ஓடிவருவதற்குள் செம்புத் தலை தண்ணீருக்கு மேலே வந்துவிட்டது.

கவசத்தைக் கழற்றினால் நடராஜன் முழு நினைவோடு இருந்தான். கோபமாகவும் இருந்தான். “என்ன மாமா, நல்லாத்தானே இருந்தேன்!” என்றான். கப்பலின் மணியைக் கண்டுபிடித்துவிட்டானாம். அதன்மேல் வெட்டியிருந்த எழுத்துகளைத் தன் கைச் சிலேட்டில் பார்த்து எழுதிக்கொண்டிருந்தானாம். கயிறு சுண்டியது தெரிந்ததாம். இன்னும் இரண்டு எழுத்துத்தானே, முடித்துவிட்டுப் பதில் சொல்லலாம் என்று இருந்தானாம்.

இரண்டு எழுத்து! படிப்பில் அக்கறை வேண்டும் என்று அடித்து வளர்த்தவள் நான். கடைசியில் அந்த அக்கறைதான் இரண்டு எழுத்துக்காக அவனைப் பதில் சொல்லவிடாமல் நிறுத்தியது.

ஏகாம்பரம் அவனைக் கட்டிக்கொண்டு அழுதானாம். “உசுரோட கீறியா நைனா, உசுரோட கீறியா” என்று திரும்பத் திரும்பக் கேட்டானாம். கரைக்கு வருமுன் நடராஜனுக்குத் தோள் வலித்தது. இறங்க எழுந்தவன் அப்படியே மடங்கினான். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

5

எனக்கு ஆள் வந்து சொன்னபோது அரிசி களைந்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அப்போது மாற்றலில் கொழும்பில் இருந்தார். தனியாகத்தான் ஓடினேன்.

ஆஸ்பத்திரி டாக்டர் அவன் காலில் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு, வாதம் என்றார். தைலம் தேய்த்து ஒரு மாதம் படுக்க வைக்கலாம் என்றார். எப்போதிலிருந்து கால் மரத்தது என்று அவர் சிங்களத்தில் கேட்டார். இருபத்து மூன்று வருஷம் மீன்காரியோடும் பால்காரனோடும் தினம் பேசின பாஷை. கால் என்பதற்கு வார்த்தை வரவில்லை. என் காலையே அறைந்து அறைந்து காட்டினேன். அங்கே இருந்த ஒரு பெண் சிரித்தாள். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

வாசலில் மரைக்காயர் நின்றார். “தங்கச்சி, தைலத்துல போற வியாதி இல்ல இது. மறுபடியும் சட்டையை மாட்டிப் பழைய ஆழத்துக்கே இறக்கணும். அங்கேயிருந்து கொஞ்சங்கொஞ்சமா, பொழுது சாயிற வரைக்கும் தூக்கணும். நேரம் போகப் போக கால் போயிடும்” என்றார்.

கால் செத்துக் கிடக்கிற பிள்ளையை மறுபடி கடலுக்குள் இறக்குவதா? என்னால் முடியாது என்றேன். “அப்ப அவன் உக்காந்தே இருப்பான். நீ ஊட்டிவிடு” என்றார். இதைவிட மெதுவாகச் சொல்லியிருந்தால் நான் சம்மதித்திருக்க மாட்டேன்.

ஆனால் அதற்குள் துறைமுக அலுவலகத்தார் பம்புக்குச் சீல் வைத்துவிட்டார்கள். விபத்து நடந்தால் சாமானுக்குச் சீல் வைத்து, அதிகாரி பார்த்தபிறகே எடுக்க வேண்டும் என்பது விதியாம். அதிகாரி ஓய்வுக்காக மலைப் பக்கம் போயிருந்தார். நான் துறைமுக அலுவலகத் தலைமைக் குமாஸ்தா வீட்டுக்கு ஓடினேன். யாழ்ப்பாணத்துக்காரர், நம் பாஷை பேசுகிறவர், காலைப் பிடித்தாவது கேட்கலாம் என்று போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவும்வரை நின்றேன்.

“சீலை உடைக்க எனக்கு அதிகாரமில்லைப் பிள்ளை. கடுதாசி இல்லாமல் நான் ஒண்டும் செய்யேலாது” என்றார்.

“நான் எழுதித் தருகிறேன்.”

“நீர் எழுதி என்ன? ஞாயிற்றுக்கிழமை படகு எடுக்க ஆர் சொன்னது?”

“உங்கள் அதிகாரிதான் சொன்னார்.”

“அதுக்குக் கடுதாசி எங்கே?” பிறகு கொஞ்சம் யோசித்து, “மகன் இங்கே பிறந்தவரோ, இந்தியாவிலே பிறந்தவரோ?” என்று கேட்டார்.

“காட்டுப்பாக்கத்தில் பிறந்தான்.”

“அப்ப இந்தியர். அதுக்கு வேறை படிவம். நாளைக்குக் காலமை வாரும்.”

நான் அவர் வீட்டு முற்றத்தில் நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை அச்சில் போட முடியாது. காட்டுப்பாக்கத்துத் தண்ணீர்த் துறையில் கேட்ட வார்த்தைகள் அத்தனையும் வந்தன. கால் என்ற சொல் வராத வாய்க்கு அவையெல்லாம் தடையில்லாமல் வந்தன. அவர் மனைவி காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

திரும்பித் துறைக்கு வந்தால், மரைக்காயர் சீலைக் கல்லால் உடைத்துவிட்டிருந்தார்.

6

நான் சிறு படகில் அதுவரை ஏறியதில்லை. அன்று ஏறினேன். மணி ஒன்றரை இருக்கும். நாலு பேர் நடராஜனைத் தூக்கி வந்து ரப்பர் சட்டைக்குள் திணித்தார்கள். தொங்குகிற கால்களுக்கு ஈயச் செருப்பை மாட்டினார்கள். அவன் என்னைப் பார்த்து, “சும்மா இரும்மா, கீழே வலிக்காது” என்றான். எனக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது.

ஏகாம்பரம் கயிற்றண்டை வந்தான். “நீ அதைத் தொட்டா நான் கடல்ல குதிச்சிடுவேன்” என்றேன்.

“அக்கா…”

“அண்ணனைக் கொன்ன. இப்போ என் புள்ளையா?”

சொல்லிவிட்டேன். படகில் எல்லோரும் கேட்டார்கள். பதினெட்டு வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்து சொல்லாததை நான் சொன்னேன். மரைக்காயர் ஏகாம்பரத்தின் தோளைப் பிடித்துப் பம்புப் பக்கம் தள்ளி, “நீ காத்து அடி” என்றார். கயிற்றைத் தாமே பிடித்தார்.

இறக்கினார்கள். பதினைந்து பாகம். கயிறு இறுகியது. நான் மரைக்காயரின் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கீழிருந்து கயிறு இரண்டு தரம் சுண்டியது. அவர், “வலி விட்டுச்சாம்” என்றார். நான் நம்பவில்லை. இரண்டு பாகம் தூக்குவார், நிறுத்துவார், காத்திருப்பார். மறுபடி இரண்டு பாகம். பம்புச் சக்கரத்தை அரை மணிக்கு ஒரு தரம் ஆள் மாற்றிச் சுற்றுவது வழக்கம். எதிர்க் கைப்பிடியில் ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஏகாம்பரம் மாறவில்லை. நாலு மணி நேரத்துக்குமேல் ஒரே ஆளாகச் சுற்றினான். உள்ளங்கைத் தோல் உரிந்து கைப்பிடியில் ஒட்டியிருந்தது. நான் பார்த்தேன். பார்க்காதவள் போல உட்கார்ந்திருந்தேன்.

பொழுது சாயும்போது எடுத்தார்கள். வலது காலை மடக்கி நீட்டினான். இடது காலில் பெருவிரல் அசைந்தது. அதற்குமேல் அந்தக் கால் இன்றுவரை முழுதாகத் திரும்பவில்லை. முழங்காலுக்குக் கீழே இழுத்துத்தான் நடக்கிறான்.

7

பத்து நாள் கழித்து விசாரணை. இந்தப் பகுதியை எழுதத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன்.

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. ஏகாம்பரத்துக்கு வேறொன்றும் தெரியாது. தலைமைக் குமாஸ்தா என்னிடம் முகம் கொடுக்க மறுத்து, உடம்பு சரியில்லை என்று வரவில்லை. ஆகவே ஏகாம்பரத்தின் வாக்குமூலத்தை நீயே இங்கிலீஷில் சொல்லு என்று என்னை உட்கார வைத்தார்கள்.

அதிகாரி தாம் ஞாயிற்றுக்கிழமை படகு எடுக்கச் சொன்னதாக நினைவில்லை என்று ஆரம்பத்திலேயே எழுத வைத்தார். நடராஜன் எழுந்து “சொன்னீர்கள்” என்றான். “காகிதம்?” என்றார். அவ்வளவுதான், அது முடிந்தது; அவனை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள்.

பிறகு ஏகாம்பரம். கட்டுப்போட்ட கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“நான்தான் இஸ்தேன் தொரை. கேக்காத இஸ்தேன். எங்க பெரியண்ணன் கெணத்துல எறங்கனப்ப கேட்டுகினே நின்னேன். கேட்டுகினே நின்னதுல அவரு பூட்டாரு. அத்தொட்டு, கவுறு நின்னா எனுக்குக் கேக்கத் தோணாது. கையி தானா இஸ்துடும். இவுங்க மேல குத்தமில்ல.”

நான் இங்கிலீஷில் சொன்னது இது: அடையாளம் கேட்காமல் இழுத்ததாக ஒப்புக்கொள்கிறான்.

அதிகாரி, “அவன் இன்னும் நிறையப் பேசினானே?” என்றார்.

“அதெல்லாம் குடும்ப விஷயம்” என்றேன்.

கயிறு பிடித்த கூலியாளின் அறியாமையால் விளைந்த விபத்து என்று எழுதினார்கள். ஏகாம்பரம் கைநாட்டு வைத்தான். எங்கே வைக்க வேண்டும் என்று அவனுக்கு இடம் காட்டியதும் நான்தான். வெளியே வந்து, “நான் சொன்னதெல்லாம் சொல்லிட்டியாக்கா?” என்று கேட்டான். “சொல்லிட்டேன்” என்றேன்.

அந்த வாரமே அவனை வேலையிலிருந்து நீக்கிக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். மரைக்காயரைச் சீல் உடைத்ததற்காக ஒரு மாதம் நிறுத்தி வைத்தார்கள். அதிகாரிக்கு ஒன்றுமில்லை.

எனக்கு அன்று ஏற்பட்ட ஆத்திரத்தில் அது நியாயமாகத்தான் பட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவன் வாயை, எழுதப் படிக்கத் தெரிந்தவள் அடைத்தேன். அந்தத் துரை ஒரு “எடுத்துக்கொள்” என்பதை மறைத்தார். நான் ஒரு செத்த மனிதரையும் பதினெட்டு வருஷத்தையும் மறைத்தேன். எந்த முகத்தோடு அவரைத் திட்டுவது? ஆனாலும் திட்டுகிறேன். அவர்மேல் கோபமும் என்மேல் வெட்கமும், இரண்டும் குறையவில்லை.

8

வெடி வைக்கும் உத்தரவு ஒரு வருஷம் மேஜை மேஜையாக உட்கார்ந்துவிட்டு, போன மாதம்தான் வந்தது. பங்குனி பிறந்ததும் கப்பலைத் தகர்க்கிறார்கள். நடராஜன் பின்பகுதியை இன்னும் வரையவில்லையாம். ஒரு தரம் இறங்கினால் போதுமாம். இந்த முறை எழுத்தில் அனுமதி வாங்கியிருக்கிறான். அதை என்னிடம் கொண்டுவந்து காட்டுகிறான்!

“உன் காலைப் பார்த்துமா இறங்கறே?” என்றேன்.

“நான் வரையலைன்னா அந்தக் கப்பல் இருந்ததுன்னே யாருக்கும் தெரியாதும்மா.”

“தெரிஞ்சு யாருக்கு என்ன?”

“உனக்குப் புரியாது” என்றான். இருபத்து மூன்று வயதுப் பிள்ளை.

மரைக்காயரிடம் போய் முறையிட்டேன். அவரும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். கடைசியில், “அவன் ஒரு நிபந்தனை போடுறான் தங்கச்சி. அவன் மாமன் வந்து கயிறு பிடிச்சாத்தான் இறங்குவானாம்” என்றார். நான் வீட்டுக்கு வந்து மகனைப் பிடித்துக்கொண்டேன். உன்னை முடமாக்கினவனையா கூப்பிடுகிறாய் என்றேன்.

“மத்தவங்க பீடி குடிச்சிட்டிருந்தாங்க. மாமா ஒருத்தர்தான் என் கயித்தையே பார்த்துட்டிருந்தார்” என்றான். மாமாவுக்குக் கடிதமும் போட்டாயிற்று என்றான்.

அன்றே நானும் ஒரு கடிதம் போட்டேன். ‘நீ வராவிட்டால் அவன் இறங்க மாட்டான். ஆகவே வராதே. வந்தால் என் வாசலை மிதிக்காதே.’ இதற்குமேல் ஒரு வரி இல்லை. விசாரணையில் செய்ததைப் பற்றி எழுத வேண்டும் என்று பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

பதில் வரவில்லை. நாள் எண்ணினேன். எழும்பூரில் ரயில் ஏறி, கடல் தாண்டுமுன் நோய் பரவாமலிருக்க முகாமில் ஊசி போட்டு உட்கார வைக்கிறதெல்லாம் சேர்த்தால் இந்த வியாழக்கிழமைக்கு மேல் ஆனால் அவன் வரமாட்டான் என்று அர்த்தம். வியாழன் கழிந்தது. நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். நடராஜன் காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனான்.

நேற்று வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசலில், படிக்கு வெளியே, தெருவில் நிற்கிறான் ஏகாம்பரம். ஆள் பாதியாகியிருந்தான். தோளில் ஒரு மூட்டை. முகாமில் இரண்டு நாள் அதிகமாக வைத்துவிட்டார்களாம். என்ன வேலைக்குப் போகிறாய் என்று கேட்டதற்கு இவனுக்குச் சொல்லத் தெரியவில்லையாம்.

“ஏன் வெளியே நிக்கறே?” என்றேன்.

“மிதிக்காதன்னு எழுதிட்டியே.”

“எழுதினதைப் படிச்சும் வந்தியா?”

“நான் எங்க படிச்சேன்? பூந்தமல்லி அத்தர்க்கடை பாயி படிச்சிக் காட்டனாரு. உன்துதும் அவன்துதும் ஒரே நாள்ல வந்துச்சி. ஒண்ணு ‘வா’ங்குது, ஒண்ணு ‘வராத’ங்குது. பாயே முழிச்சிகினு, ‘எதுப்பா நெஜம்?’னு கேட்டாரு. ரெண்டும் நெஜந்தான் பாயின்னேன்.”

என் வாய் தானாகத் திறந்தது. “ஏகாம்பரம், அன்னிக்கு நீ சொன்னதை நான் அந்தத் துரைகிட்டச் சொல்லல. அண்ணன் விஷயத்தைச் சொல்லவே இல்ல.”

“தெரியும். நான் அவ்ளோ நேரம் பேசனேன், நீ ரெண்டு வார்த்தைல முடிச்சிட்ட.”

“தெரிஞ்சுமா கைநாட்டு வெச்சே?”

அதற்குள் நடராஜன் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தான். மாமன் அவன் காலைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு மூட்டையைத் தெருவிலேயே இறக்கி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

“அக்கா, நான் சும்மா கவுறு புடிக்க வர்ல. ஞாயித்துக்கெழம மொதல்ல என்னை அந்தச் செம்புக்குள்ள உட்டு எறக்கச் சொல்லு. அடியில கீறவன் இன்னா பண்றான், இன்னாத்துக்கு வாய மூடிகினு கீறான்னு தெரியாத ரெண்டு தபா கவுறு புடிச்சிட்டேன். மூணாவது தபா தெரிஞ்சிகினுதான் புடிப்பேன். இல்லாங்காட்டி யாரும் எறங்கக் கூடாது, உன் புள்ளையும் சேத்துதான்.”